ஓடாநிலைத் தீரன்

கோயமுத்தூரினின்றும் சென்னை நோக்கிச் செல்லும் புகைவண்டி, ஈரோட்டை நீங்கிக் காவிரிப் பாலத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றபின், ஓங்கி நிற்கும் குன்றொன்று நம் கண்ணுக்குப் புலனாகும். அடிமுதல் முடிவரை மதிலும் வாயிலுமாக அமைந்த அக்குன்றே சங்ககிரித் துர்க்கம். நம் கல்லூரியிற் பயின்றோரும் பயில்வோருமாகிய எத்தனையோ பேர் அவ்வழியே போய் வருகின்றனர். வண்டியின் சாளரத்தருகே அமர்ந்து அக்குன்றின் தோற்றத்தை வியந்தவர் பலர்; 1805-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள் அதன் உச்சியில் நிகழ்ந்தது யாதென எண்ணிப் பார்த்தவர் சிலரே. அச்சிலரின் தொகையைச் சிறிது பெருக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கிலாந்து தேசத்துச் சரித்திரத்தைக் கற்றவர் யாவரும் ஆல்பிரெட் மன்னரை அறிவர். வடகடலைக் கடந்து மரக்கலங்களில் வந்த வைக்கிங்கர் என்னும் கொள்ளைக் கூட்டத்தார், 793-ஆம் ஆண்டில் லிண்டிஸ்பார்ன் தீவின் மடத்தைச் சூறையாடியது முதலாக, அந்நாட்டுக் கரையோரத்தை ஓயாது அலைத்து வந்தனர். முதலிற் கொள்ளைக்கு வந்தவர் பின்னர் நாட்டையே கொள்ள வந்தனர். நார்தம்பிரியா, கிழக்கு ஆங்கிலியா, மெர்சியா என்னும் அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. எஞ்சி நின்றது வெசெக்ஸ் ஒன்றே. அதன் அரியணையில் 871-ஆம் ஆண்டில் ஏறிய ஆல்பிரெட், 878-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பகைவர் எதிர்பாராது தாக்கவே, சிலரோடு அதெல்னி என்னும் சதுப்பு நிலத்தில் ஒளிந்து வாழ நேர்ந்தது. அக்காலத்தில் அவர் மாட்டிடையன் ஒருவனின் குடிசையில் அடுப்பருகே அமர்ந்து சிந்தையில் ஆழ்ந்திருக்க, அடை கருகிப் போயிற்றென்றும், அவர் அரசரென்பதை அறியாத அவ்வீட்டுப் பெண் அவரைக் கடிந்து பேசினாளென்றும் ஒரு கதை உண்டு. அக்கதை அவர் இறந்து ஏறக்குறைய நூறாண்டு சென்றபின் எழுதப்பட்டதே யாயினும், ஆங்கிலச் சிறுவர் யாவரும் அதனைக் கேட்டே வளர்கின்றனர். அவ்வாண்டு மே மாதத்தில் ஆல்பிரெட் மறைவிடத்தினின்றும் வெளிப்பட்டுத் தம் குடிகளைத் திரட்டி, எடிங்டன் என்னுமிடத்தில் குத்ரம் என்னும் பகைத்தலைவனை வென்றார். பின்னர் நாடெங்கும் முப்பதுக்கு மேற்பட்ட அரண்களை அமைத்தார். படையை இரு கூறாக்கி, ஒரு கூறு போர்முனையில் நிற்க மற்றொரு கூறு உழவைக் கவனிக்கும்படி ஏற்பாடு செய்தார். 899-ஆம் ஆண்டில், ஏறக்குறைய ஐம்பதாம் வயதில், அரசராகவே உயிர் நீத்தார்.

இவ்வரலாற்றை யாம் முன்னர்க் கூறியதற்குக் காரணம் உண்டு. கடல் கடந்து வந்தவர் நாட்டைக் கவர, அரண் கட்டி எதிர்த்தலும், தோற்று ஒளிதலும், அடுப்படியில் விதி நிர்ணயமாதலும் நம் கொங்கு நாட்டிலும் நிகழ்ந்தன. அவ்வாறு எதிர்த்து நின்றவரும் ஏறக்குறைய ஐம்பதாம் வயதிலேயே உயிர் நீத்தார். ஆயின் அவர் முடிவு வேறு. அவரே தீரன் சின்னமலை என நாம் போற்றும் தீர்த்தகிரியார்.

காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையம் என்னும் சிற்றூரில், 1756-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், இரத்தினசாமி, பெரியாத்தாள் என்னும் பெற்றோர்க்கு அவர் மகனாகப் பிறந்தார். அவர் குடி பழையகோட்டை மன்றாடியார் மரபைச் சார்ந்தது. வண்டிக்கும் ஏருக்கும் பேர்போன காங்கேயம் காளைகளை வளர்த்துப் பெருமை பெற்ற நிலம் அது. கொறங்காடுகளும் கிளுவை வேலிகளும் சோளக்கொல்லைகளும் சூழ்ந்த அம்மேட்டு நிலத்தில், மழை பொய்த்தாலும் மனம் தளராமல் உழைத்து வாழும் குடிகளிடையே தீர்த்தகிரியார் வளர்ந்தார். சிலம்பம், வில், வாள், குதிரையேற்றம் ஆகியவற்றில் இளமையிலேயே தேர்ச்சி பெற்றார். வயது வந்தபின், ஊரார்க்குள் எழும் நிலத்தகராறுகளையும் குடும்ப வழக்குகளையும் தீர்த்து வைக்கும் பொறுப்பு அவரை நாடி வந்தது. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர் அவர் பின் திரண்டதற்கு வாள்வலி மட்டும் காரணமன்று. வழக்குத் தீர்ப்பவரிடம் குடிகள் வைத்த நம்பிக்கையும் காரணமாகும் என்பது எமது கருத்து.

அக்காலத்துக் கொங்கு நாட்டின் நிலையை இங்குச் சிறிது கூறுதல் வேண்டும். மூன்று புறமும் மலைகள் சூழ்ந்திருப்பினும், இந்நாடு படைகள் போக்குவரவு செய்யும் நாற்சந்தியாகவே இருந்தது. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் மலையாளத்திற்கு வழிவிட்டது. வடக்கே கஜ்ஜலஹட்டிக் கணவாய் மைசூருக்கு வழிவிட்டது. மதுரை நாயக்கர் கையினின்றும் மைசூர் அரசர் கைக்கு மாறிய இந்நாடு, பின்னர் ஹைதர் அலியின் ஆணைக்கும், அவர் மைந்தர் திப்பு சுல்தானின் ஆணைக்கும் உட்பட்டது. கிழக்கிந்தியக் கும்பினியாரின் படை 1790-ஆம் ஆண்டில் கரூர், ஈரோடு, கோயமுத்தூர் ஆகிய கோட்டைகளைப் பிடித்தது; அடுத்த ஆண்டிலேயே கோயமுத்தூர்க் கோட்டை மீண்டும் திப்புவின் வசமாயிற்று. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் சேலத்துப் பாரமகால் சீமையும் சங்ககிரியும் கும்பினியாரைச் சேர்ந்தன; காவிரிக்கு மேற்கேயுள்ள கோயமுத்தூர்ச் சீமை திப்புவிடமே நின்றது. யார் வென்றாலும் யார் தோற்றாலும், தானியத்தையும் மாட்டையும் பறிகொடுத்தவன் கொங்கு நாட்டு உழவனே.

இளமையில் தீர்த்தகிரியார் செய்ததாக மக்கள் வழிவழியாகக் கூறிவரும் செயலொன்று உண்டு. மைசூர் அரசுக்காகக் கொங்கு நாட்டில் வரி தண்டிய திவான் முகம்மது அலி என்பவர், திரண்ட வரிப்பணத்துடன் மைசூருக்குத் திரும்பும் வழியில், தீர்த்தகிரியார் தம் தோழருடன் அவரை மறித்து அப்பணம் முழுவதையும் பறித்துக் கொண்டார். கொண்டவர் யாவரென வினவினால், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையிலுள்ள சின்னமலை என்று சொல்லுமாறு கூறித் திவானைப் போகவிட்டார். இரண்டு பெருமலைகளின் நடுவே தம்மை ஒரு சிறு மலையாக அவர் கூறிக்கொண்ட அச்சொல்லே அவர்க்கு நிலைபெயராயிற்று. பெற்றோர் இட்ட பெயர் மறைந்தது. தாமே இட்டுக்கொண்ட பெயர் நின்றது. சினமுற்ற திவான் அனுப்பிய படையை நொய்யலாற்றங்கரையில் எதிர்த்து அவர் வென்றார் என்பதும் அம்மரபே.

ஈண்டு வாசகர் ஒன்று கேட்கலாம்: திப்புவின் வரியைப் பறித்தவர் பின்னர்த் திப்புவின் பக்கம் நின்று போர் புரிந்தது எங்ஙனம் பொருந்தும்? அவ்விரண்டும் முரணாகா என்றே யாம் கருதுகிறோம். வரி மிகுதியாகத் தண்டும் அரசனோடு குடிகள் வழக்காடலாம். வழக்குத் தீர்ந்தபின் கூடி வாழவும் செய்யலாம். கும்பினியாரோ வாணிகராக வந்து, கோட்டை கட்டி, படை வைத்து, அரசரையே அமர்த்தவும் அகற்றவும் வல்லவராயினர். வீட்டுச் சண்டையை நிறுத்தி வெளிச் சண்டைக்குச் செல்ல வேண்டிய வேளை எதுவென உணர்தலே தலைவனுக்கு அழகு. சின்னமலையார் அதனை உணர்ந்தார். கொங்கு நாட்டு இளைஞரைத் திரட்டிக்கொண்டு மைசூருக்குச் சென்றார். பிரெஞ்சுக்காரரிடம் அவரும் அவர் படையினரும் புதுமுறைப் போர்ப்பயிற்சி பெற்றனர் என்பர். மழவல்லி, ஸ்ரீரங்கப்பட்டணம் ஆகிய களங்களில் கொங்குப் படை நின்றதென நாட்டுவழக்குக் கூறும்.

1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் வாளேந்தியபடியே மாண்டார். கோயமுத்தூர்ச் சீமை கும்பினியார் கைக்கு வந்தது. பெருந்துணையை இழந்த சின்னமலையார் ஊர் திரும்பினார். அடங்கி வாழ விரும்பியிருப்பின் அவர்க்கு வழி இருந்தது. பாளையக்காரர் பலர் அவ்வாறே கும்பினியாருக்கு உடன்பட்டுத் தம் நிலத்தைக் காத்துக் கொண்டனர். அவரோ அரச்சலூரை அடுத்த ஓரிடத்தில் கோட்டை ஒன்றை எழுப்பினார். பகைவர்க்குப் புறங்காட்டி ஓடாது நின்ற இடமாதலால் அவ்வூர் ஓடாநிலை எனப் பெயர் பெற்றதென்பர். ஆல்பிரெட் எழுப்பிய முப்பது அரண்களுக்குப் பின்னால் ஓர் அரசு இருந்தது. ஓடாநிலையின் பின்னால் இருந்ததோ சுற்றுப்புறத்துச் சிற்றூர்களும், அவற்றில் உழுதும் நெய்தும் வாழ்ந்த குடிகளுமே.

எனினும் அவர் தனித்து நிற்கக் கருதவில்லை. அக்காலத்தில் விருப்பாட்சி கோபால நாயக்கர், சிவகங்கைச் சீமை மருது சகோதரர், மலையாளத்துக் கேரளவர்மப் பழசிராஜா, வடக்கே தூண்டாஜி வாக் ஆகியோர் கும்பினியாரை எதிர்த்து ஒருவரோடொருவர் தொடர்பு கொண்டிருந்தனர். அக்கூட்டத்தார் வகுத்த திட்டங்களுள் தலையாயது நம் கோயமுத்தூரிலேயே நிகழ இருந்தது. 1800-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் கோயமுத்தூர்க் கோட்டையிலிருந்த கும்பினிப் படையைத் தாக்கிக் கோட்டையைக் கைப்பற்றுவதென உறுதி செய்தனர். ஆயின் செய்தி முன்னரே வெளிப்பட்டது. கும்பினியார் விழித்துக் கொண்டனர். பிடிபட்டவருள் 42 பேர் மரண தண்டனை அடைந்தனர். இன்று நாம் கடைவீதிக்கும் கச்சேரிக்கும் நடந்து செல்லும் அந்நகரப் பகுதியில் கோட்டையின் சுவர் இல்லை. கோட்டைமேடு என்னும் பெயரும் கோட்டை ஈசுவரன் கோயிலுமே அதனை நினைவூட்டி நிற்கின்றன.

அதன்பின் துணைவர் ஒவ்வொருவராக வீழ்ந்தனர். தூண்டாஜி வாக் 1800-ஆம் ஆண்டு செப்டம்பரில் போரில் மாண்டார். கோபால நாயக்கரும் மருது சகோதரரும் 1801-ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்டனர். பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனார்க்கு 1799-ஆம் ஆண்டிலேயே கயத்தாற்றில் அம்முடிவு நேர்ந்திருந்தது. இவர்களெல்லாம் மறைந்த பின்னரும் ஓடாநிலை நின்றது என்பதை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். வெற்றி கிட்டும் என்னும் நம்பிக்கையோடு போர் புரிதல் எளிது. சுற்றிலும் விளக்குகள் அணைந்துவரத் தன் விளக்கை அணையாது காத்தலே அரிது.

1801-ஆம் ஆண்டில் காவிரிக்கரையிலும், 1802-ஆம் ஆண்டில் ஓடாநிலையிலும், 1804-ஆம் ஆண்டில் அரச்சலூரிலும் அவர் கும்பினிப் படையை எதிர்த்து வென்றாரெனக் கொங்கு நாட்டார் ஆண்டு குறித்துக் கூறுவர். கும்பினியாரிடம் பீரங்கியும் பயின்ற சிப்பாய்களும் மிகுதி. சின்னமலையாரிடம் இருந்தவை மூன்று: நிலத்தின் வழிகளை அறிந்த அறிவு, எதிர்பாராத வேளையில் தாக்கி மறையும் விரைவு, ஊர்தோறும் அவருக்காகக் கண்விழித்திருந்த மக்கள். அம்மக்களுள் இருவரை இங்குப் பெயர் சொல்லாது விடுதல் முறையன்று. ஒருவர் கருப்பசேர்வை, சின்னமலையாரின் தோளோடு தோளாக நின்ற போர்த்துணைவர். மற்றொருவர் பொல்லான், பகைவரிடையே இருந்துகொண்டு அவர்தம் திட்டங்களைச் சின்னமலையார்க்கு அறிவித்த ஒற்றர். ஒருமுறை கும்பினியாரின் பெரும்படை பீரங்கிகளுடன் ஓடாநிலை நோக்கி வருஞ்செய்தியைப் பொல்லான் செருப்பினுள் மறைத்து அனுப்பினாரென்றும், அதனாற் சின்னமலையாரும் உடனிருந்தோரும் உயிர் தப்பினரென்றும், உண்மை வெளிப்பட்டபோது பொல்லான் தம் உயிரைக் கொடுத்தாரென்றும் மக்கள் கூறுவர். அவ்விருவரும் சின்னமலையாரும் ஒரே சாதியினர் அல்லர். நாட்டைக் காத்தற்கு எல்லாக் குடிகளும் வேண்டியிருந்தன. புகழைப் பங்கிடும்போது மட்டும் ஒரு குடி போதும் என்பது நேர்மையாகுமோ?

படை வந்து சேர்ந்தபோது ஓடாநிலைக் கோட்டை வெறுமையாகக் கிடந்தது. கும்பினியார் அதனைப் பீரங்கியால் தகர்த்துத் தரைமட்டமாக்கினர். புறங்காட்டா இடமெனப் பெயர் பெற்ற ஊரைவிட்டு அகல நேர்ந்த அந்நாளில் சின்னமலையாரின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆயினும் அது புறங்காட்டுதலாகாது. ஆல்பிரெட் அதெல்னிச் சதுப்பில் ஒளிந்தது எவ்வாறோ, அவ்வாறே அவரும் பழனிமலைப் பக்கத்துக் கருமலையில் தம்பியரோடும் துணைவரோடும் மறைந்து வாழ்ந்தார். காலம் கனியும் வரை காத்திருந்து மீளவும் குடிகளைத் திரட்டலாம் என்பதே அவர் எண்ணமாயிருந்திருக்கும்.

காலம் கனியவில்லை. மறைந்து வாழ்ந்த இடத்தில் அவர்க்குச் சோறு சமைத்துப் போட்ட சமையற்காரன் பகைவரின் பொருளுக்கு ஆசைப்பட்டு இருப்பிடத்தைக் காட்டிக் கொடுத்தான் என்று கொங்கு நாட்டு மரபு ஒரு முகமாகக் கூறுகின்றது. படைக்கலம் கையில் இல்லாமல் உண்ண அமர்ந்த வேளையில் அவர்கள் வளைத்துப் பிடிக்கப்பட்டனர். போர்க்களத்திற் பிடிக்க முடியாதவரை இலையின் முன் பிடித்தனர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வழங்கும் நாட்டில், உப்பிட்டுக் கொண்டே ஒருவன் தலைவனை விற்றான்.

இங்கு இரண்டு அடுப்படிகளையும் ஒப்பிட்டு நோக்காதிருத்தல் இயலவில்லை. சதுப்பு நிலத்துக் குடிசைப் பெண் தன் அடுப்பருகே இருந்தவர் யாரென அறியாள், அறியாமலே வைதாள், ஆயினும் அவர் அங்கே பத்திரமாக இருந்தார். கருமலையில் அடுப்பு மூட்டியவன் தான் யாருக்குச் சமைக்கிறோம் என்பதை நன்கு அறிவான். அறிந்தே காட்டிக் கொடுத்தான். அறியாதவளின் வசையினும் அறிந்தவனின் உபசாரம் கொடியதாயிற்று. நாட்டின் காவல் மதிலிலும் பீரங்கியிலும் மட்டும் இல்லை. அது கடைசியில் ஓர் எளியவரின் அடுப்பங்கரையில், அவர் மனத்தின் உறுதியில், வந்து நிற்கின்றது. செருப்பில் ஓலை மறைத்த பொல்லானும் எளியவரே. விலைபோன சமையற்காரனும் எளியவனே. ஒருவரால் ஒரு படை தப்பியது. மற்றவனால் ஒரு போரே முடிந்தது.

பிடிபட்டவர்கள் சங்ககிரிக் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிறை வைக்கப்பட்டனர். கும்பினி ஆட்சியை ஏற்றுக்கொண்டால் உயிர் பிழைக்கலாம் என்பது அவர்களுக்கு உணர்த்தப்பட்டது. அவர்கள் மறுத்தனர். 1805-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் சின்னமலையாரும் அவர் தம்பியரும் அம்மலைக் கோட்டையின் உச்சியில் தூக்கிலிடப்பட்டனர். அது ஆடித்திங்கள் பதினெட்டாம் நாள். காவிரியில் புதுப்புனல் பெருகிவரக் கொங்கு நாட்டுப் பெண்டிர் முளைப்பாரி எடுத்து, மஞ்சளும் மலரும் இட்டு ஆற்றை வழிபடும் பெருக்கு நாள். சங்ககிரிக்குச் சிறிது தொலைவிலேயே அந்த ஆறு ஓடுகின்றது. ஒருபுறம் ஆறு பெருக, ஒருபுறம் உயிர் அடங்கியது. அன்றுமுதல் ஆடிப்பெருக்கு இந்நாட்டார்க்கு மகிழ்ச்சியும் துயரமும் கலந்த நாளாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் மலையாளத்துக் காட்டில் பழசிராஜாவும் வீழவே, தென்னாட்டில் அந்தத் தலைமுறையின் எதிர்ப்பு ஓய்ந்தது.

ஆல்பிரெட் வென்றார், சின்னமலையார் தோற்றார். அவ்வொரு வேறுபாட்டிலிருந்து மற்றொரு வேறுபாடு பிறந்தது. ஆல்பிரெட் தம் அரசவையிலேயே ஆஸ்ஸர் என்னும் அறிஞரை வைத்திருந்தார். அவர் மன்னரின் வாழ்க்கையை எழுதினார். ஆண்டுதோறும் நிகழ்ந்தவற்றைக் குறிக்கும் ஆங்கிலோ சாக்சன் வரலாற்றேடும் அக்காலத்திலேயே தொகுக்கப்பெற்றது. அரசரே பல நூல்களை இலத்தீன் மொழியினின்றும் தம் மக்கள் மொழியில் பெயர்த்தார். வாளை உறையிலிட்டபின் எழுதுகோலை எடுக்க அவர்க்கு இருபது ஆண்டுகள் கிடைத்தன. சின்னமலையார்க்கு அவ்வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவரை எழுத வேண்டியவர்கள் அவரோடு மடிந்தனர், அல்லது அஞ்சி வாய்மூடினர். ஆதலால் அவர் கதை ஏட்டில் ஏறாமல் கும்மியிலும் வள்ளித் திருமண மேடையிலும் பாட்டிமார் மடியிலும் தங்கிற்று. அவ்வாறு தங்கியதனாலேயே ஒரு செயலை இவ்வாறும் அவ்வாறும் கூறும் பல வழக்குகள் உளவாயின.

பிற்காலத்தில் அவர் நினைவு நாட்டளவில் போற்றப்பட்டது உண்மையே. சென்னை கிண்டியில் அவர் சிலை எழுந்தது. ஓடாநிலையில் அரசினர் மணிமண்டபம் அமைத்தனர். அவர் மறைந்து இருநூறாண்டு நிறைந்த 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறையினர் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டனர். ஆடிப்பெருக்குத்தோறும் சங்ககிரியிலும் ஓடாநிலையிலும் மாலைகள் குவிகின்றன. பொல்லானின் நினைவையும் போற்ற அரசு முற்பட்டமை மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் சிலைக்கு மாலையிடுதல் ஒரு நாள் வேலை. வரலாற்றைத் தேடித் தொகுத்தல் பல நாள் வேலை. முன்னதற்குக் கூட்டம் மிகுதி. பின்னதற்கு ஆள் குறைவு.

அன்பார்ந்த மாணவர்களே! ஆங்கில நாட்டுச் சிறுவன் ஒருவனைக் கேட்டால், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கருகிய அடையின் கதையைச் சொல்லுவான். அதனை நாமும் கற்றோம், கற்றதில் தவறில்லை, அயலார் தம் வீரரைப் போற்றும் முறையை நாம் அறிதல் நன்றே. ஆயின் தம் நாட்டைக் காத்த மன்னரைப் போற்றத் தெரிந்த அவ்வினத்தார், தன் நாட்டைக் காக்க நின்ற மற்றொருவரைச் சங்ககிரியில் தூக்கிலிட்டனர் என்பதையும் சேர்த்தே கற்பது கல்வி. வெறுப்புக்காக அன்று, தனக்கு ஒரு நீதி, பிறர்க்கு ஒரு நீதி என்னும் குறை எவ்வினத்திடமும், நம்மிடமும், புகக்கூடியது என்பதை அறிவதற்காக.

அடுத்த விடுமுறையில் நீங்கள் ஊர் செல்லும்போது ஒரு சிறு ஏட்டை உடன் கொண்டு செல்லுங்கள். காங்கேயம், அரச்சலூர், சென்னிமலை, சங்ககிரிப் பக்கத்தவர் நம்மிடையே பலர் உளர். உங்கள் அப்பாரையும் அப்பத்தாளையும் அம்மாயியையும் கேளுங்கள்: சின்னமலையைப் பற்றி என்ன கேட்டிருக்கிறீர்கள், யார் சொல்லிக் கேட்டீர்கள், அந்தப் போர் நிகழ்ந்த காடு எது, அதற்கு இன்று என்ன பெயர்? கேட்டதைக் கேட்டபடியே எழுதி வையுங்கள். ஆல்பிரெட்டுக்கு ஓர் ஆஸ்ஸர் வாய்த்தார். சின்னமலையார்க்கு அத்தகையவர் இன்னும் தேவைப்படுகின்றனர். அவர் நம் வகுப்பறைகளின் வாங்குகளிலேயே அமர்ந்திருக்கலாம். புகைவண்டி சங்ககிரியைக் கடக்கும்போது, பேச்சை ஒரு கணம் நிறுத்தி அக்குன்றை நிமிர்ந்து நோக்குங்கள். இரண்டு பெருமலைகளின் நடுவே தம்மைச் சிறுமலை என்று சொல்லிக்கொண்டவரின் பெருமை அப்போது விளங்கும்.